கேசரிப் பருப்பிலிருந்து பெண் மூளைக்கு: விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் நரம்புச் சிதைவு ஆய்வுகள்

முன்னுரை

தமிழகத்தில் பெண்ணுடல் பற்றிய மருத்துவ வரலாறு பெரும்பாலும் பேறுகாலத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதற்குக் காரணம் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மருத்துவரான காலத்தில் தாயும் சேயும் பிழைப்பதே முதற்கவலையாக இருந்தது. அவரது முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியபோதும் முதிய பெண்ணின் மூளை எவருடைய ஆய்வுப் பொருளாகவும் இருக்கவில்லை. இந்திய ஆய்வகங்களில் அது பொருளானதில் நரம்பியல் அறிவியலாளர் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேசரிப் பருப்பும் பெண் எலியும்

வறட்சிக் காலங்களில் வட இந்திய ஏழை மக்கள் கேசரிப் பருப்பையே முதன்மை உணவாக உண்டனர். மாதக்கணக்கில் அதனை மிகுதியாக உண்டோருக்குக் கால்கள் விறைத்து நடை குன்றியது. இந்நோய் ஆண்களை மிகுதியாகத் தாக்கியது; பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் பெரிதும் தப்பினர். ஒரே வீட்டில், ஒரே உணவை உண்டோரிடையே இவ்வேறுபாடு ஏன்?

பெங்களூரு மனநல, நரம்பியல் நிறுவனத்தில் பணியாற்றிய விஜயலட்சுமியின் குழு, அப்பருப்பிலுள்ள நச்சு நரம்பணுவின் ஆற்றல் உலையாகிய மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குவதை 1990களில் எலிகளில் காட்டியது. பின்னர் அவர் அரியானாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநரானார். அங்கு நிகழ்ந்த ஆய்வுகளே இங்குக் கருதத்தக்கவை. பார்கின்சன் நோயை ஒத்த பாதிப்பை உண்டாக்கும் நச்சினைச் செலுத்தியபோது பெண் எலிகளின் மூளை ஆண் எலிகளினும் மேலாகத் தாங்கியது. பெண் மூளையில் குளூட்டாரெடாக்சின் என்னும் புரதம் கூடுதலாக இருப்பதும் ஈஸ்ட்ரோஜன் அதற்குத் துணைநிற்பதும் 2004இல் வெளியாயின. 2007இல் பருப்பு நச்சுக்கும் இதே விடை கிடைத்தது: சினைப்பை நீக்கப்பட்ட பெண் எலிகள் அக்காப்பினை இழந்தன.

அதுவரை ஆய்வகங்களில் ஆண் விலங்குகளே இயல்பான மாதிரியாகக் கொள்ளப்பட்டன. பெண் விலங்கின் இயக்குநீர்ச் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது வழக்கமான சமாதானம். இவ்வாய்வுகளிலோ அக்'குழப்பமே' விடையைத் தந்தது.

எனினும் எலியிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்ற இயலாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்தளித்த பெரும் ஆய்வில் முதுமை மறதியின் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கானது 2003இல் தெரியவந்தது. இயக்குநீர் உடலில் எப்போது, எவ்வளவு இருந்தது என்பதும் விடையின் பகுதி என இதனைக் கொள்ளலாம்.

ஆய்வகத்திலிருந்து ஊருக்கு

மாதவிடாய் நின்றபின் கழியும் முப்பது ஆண்டுகளை எலிக்கூண்டில் காண முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில் மூளை ஆய்வு மையத்தை உருவாக்கிய விஜயலட்சுமி, கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த சுமார் 10,000 பேரைப் பல்லாண்டு தொடரும் ஆய்வுக்கு வித்திட்டார். தமிழகத்தில் சென்னையை அடுத்த திருப்போரூரின் முதியோரிடையே மறதிநோய்க் கணக்கெடுப்பு இதற்கு முன்பே நிகழ்ந்து, 1997இல் வெளியாகியிருந்தது.

ஊருக்குள் சென்றால் முதலில் தடுப்பது எழுத்து. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் போன்ற சிற்றூர்களில் பள்ளிக்கே போகாத மூதாட்டியிடம் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், எழுத இயலாமையே நோயாகப் பதிவாகிவிடும். அதனால் கூடுதலாகப் பிழைபடுவது பெண்களின் கணக்கே. அரியானாவின் வல்லப்கரில் நடந்த ஆய்வுக்கென உருவாகி 1995இல் வெளியான இந்தி வடிவச் சோதனை இதற்கொரு வழி கண்டது. எழுதிக் காட்டிய கட்டளையைப் படித்துக் கண்மூடச் சொல்வதற்கு மாறாக, ஆய்வாளர் தாமே கண்மூடிக் காட்டித் தம்மைப் போலவே செய்யுமாறு கேட்டார். வாக்கியம் எழுதச் சொல்வதற்கு மாறாக, வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுமாறு கேட்டார்.