இரசிகரும் உரிமையாளரும்
இடைநிறுத்தப்பட்ட ஒரு கதையின் வரலாறு

கதையொன்று நடுவழியில் நின்றுவிட்டால், அதைக் கேட்டுக்கொண்டிருந்தோர் எளிதில் எழுந்து போய்விடுவதில்லை. "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பது மனித இயல்பு. வகுப்பறையில் இலக்கியம் கற்பிக்கும் நாம் இவ்வினாவை நாள்தோறும் எதிர்நோக்குகிறோம். பாட்டி கதை சொன்ன காலத்தில் அவளே இதற்கு விடையும் கூறினாள். கதை சந்தைப் பண்டமாகிவிட்ட சமுதாயத்திலோ, விடை கூறும் அதிகாரம் சொல்வோனையும் கேட்போனையும் விட்டு நீங்கி, கதையின் உரிமைப் பத்திரத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவ்வதிகாரத்தைக் கேட்போர் எவ்வளவு தூரம் அசைக்க முடியும்? அசைத்தபின் அவர்கள் பெறுவது யாது? அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட 'பயர்பிளை' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரும், அதன் தொடர்ச்சியாக 2005இல் வெளிவந்த 'செரெனிட்டி' என்னும் திரைப்படமும் இவ்வினாக்களுக்கு நல்ல சான்றுகளாய் அமைகின்றன.

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1893இல் ஆர்தர் கொனன் டொயில் தமது துப்பறிவாளனாகிய ஷேர்லொக் ஹோம்ஸை இறக்கச் செய்தார். வாசகரின் சினமும் பதிப்பாளரின் வேண்டுகோளும் ஓயவில்லை. 1903இல் அவனை உயிருடன் மீட்டுக் கொண்டுவந்தார். தொலைக்காட்சி யுகத்தில் இதனையொத்த நிகழ்ச்சி 'ஸ்டார் ட்ரெக்' தொடரைச் சுற்றி எழுந்தது. 1966இல் என்.பி.சி. நிலையத்தில் தொடங்கிய அத்தொடர் இரண்டாவது ஆண்டிலேயே நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியபோது, இரசிகர்கள் ஒரு கடித இயக்கத்தைத் தொடங்கினர். 1968 ஜனவரியில் கலிபோர்னியாவில் மாணவர் ஊர்வலமாய்ச் சென்று நிலையத்தின் வாயிலில் நின்றனர். நிலையத்திற்கு வந்த கடிதங்கள் ஓர் இலட்சத்தை விஞ்சின. அவ்வாண்டு மார்ச் முதலாந் திகதி, தொடர் மீண்டும் வரும் என நிலையம் அறிவித்தது. ஆயின் அறிவித்த கையோடு, வெள்ளி இரவு பத்து மணிக்கு, அதாவது இளைஞர் வீட்டிலிராத வேளைக்கு, அது தள்ளப்பட்டது; செலவுத் தொகையும் குறைக்கப்பட்டது. 1969இல் 79 அத்தியாயங்களோடு தொடர் முடிந்தது. உள்ளூர் நிலையங்கள் அதனைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியதாலும், 1972 முதல் கூடிய இரசிகர் மாநாடுகளாலுமே அது உயிர் வாழ்ந்தது. பத்தாண்டு கழித்து, 1979 டிசம்பரில் திரைப்படம் வந்தது. படம் மிக மெதுவாக நகர்கிறதெனக் குறை கூறிய இரசிகர்களே அதனை மீண்டும் மீண்டும் சென்று பார்த்தனர். இரசிகர் அன்பு விலைபோகக்கூடிய பொருள் என்பதைத் திரைப்பட முதலாளிகள் அன்று தெளிவாகக் கற்றுக்கொண்டனர்.

இனி, நமது பொருளுக்கு வருவோம். ஜோஸ் வீடன் உருவாக்கிய 'பயர்பிளை' 2002 செப்டெம்பர் 20இல் பொக்ஸ் நிலையத்தில் தொடங்கிற்று. இற்றைக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், மனிதர் வேறு கோள்களில் குடியேறிய ஒரு காலம். மத்திய கோள்களை ஆளும் 'கூட்டரசு' எல்லைப்புறக் கோள்களைப் போரினால் அடக்கிவிடுகிறது. தோற்ற பக்கத்தில் போராடிய மால் ரெய்னொல்ட்ஸ் என்பவன் ஒரு பழைய கப்பலில், கிடைத்த தொழிலைச் செய்து பிழைக்கிறான். அவனையும் சேர்த்து ஒன்பது பேர் அக்கப்பலில் வாழ்கின்றனர். எரிபொருளுக்குப் பணமில்லை, உதிரிப்பாகம் உடைந்தால் மாற்றிட வழியில்லை. விண்வெளிக் கதைகளில் வழக்கமாய்க் காணப்படும் தளபதிகளுக்கும் பேரரசர்களுக்கும் பதிலாக, நாளைய சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படும் மனிதரை இத்தொடர் காட்டியது. அதன்மீது சிலர் கொண்ட பற்றின் அடிப்படை இதுவேயாம்.

நிலையம் அதனை நடத்திய முறை விந்தையானது. மாந்தரை அறிமுகஞ் செய்யும் இரண்டு மணிநேர முதல் அத்தியாயத்தை ஒதுக்கிவைத்து, வேறோர் அத்தியாயத்தை முதலில் ஒளிபரப்பினர். அத்தியாயங்களின் வரிசை மாறியது. வெள்ளியிரவு அதற்குரிய வேளையாயிற்று. பேஸ்போல் ஆட்டங்கள் இடையிட்டு அதனையும் குலைத்தன. தயாரிக்கப்பட்ட 14இல் 11 மாத்திரமே ஒளிபரப்பாயின. அறிமுக அத்தியாயம் டிசம்பர் 20இல், தொடர் நிறுத்தப்பட்ட பின்னர், கடைசியாக வந்தது. பிறந்தவனின் பெயர்சூட்டு விழாவை அவனது ஈமச்சடங்கன்று நடத்தியதற்கு இதனை ஒப்பிடலாம். சராசரியாக 47 இலட்சம் பேர் பார்த்தனர் என்பது கணக்கு. அது ஒரு சிறிய நாட்டின் குடித்தொகை. எந்த எழுத்தாளனும் கனவு காணும் வாசகர் தொகை. எனினும் விளம்பரதாரரின் பேரேட்டில் அது போதவில்லை. ஏனெனில் அத்தகைய நிலையத்தின் உண்மையான வியாபாரச் சரக்கு நாடகமன்று. நாடகம் பார்ப்போரின் கண்களே. அக்கண்களைத் தொகையாக விற்கும் வியாபாரத்தில் பற்றின் ஆழத்தை அளக்கக் கருவியில்லை.

இரசிகர்கள் வாளாவிருக்கவில்லை. தொடர் நிற்பதற்கு முன்னரே தமக்குள் பணந் திரட்டித் திரைத்தொழிலாளர் படிக்கும் 'வரைட்டி' ஏட்டில் முழுப்பக்க விளம்பரம் செய்தனர். வேறொரு நிலையமாவது தொடரை ஏற்கவேண்டுமெனத் தபாலட்டைகள் அனுப்பினர். அம்முயற்சி பயன்தரவில்லை. ஆனால் 2003 டிசம்பரில் பதினான்கு அத்தியாயங்களும் உரிய வரிசையில் இறுவட்டுகளாக வெளிவந்தபோது நிலைமை மாறியது. முதல் நான்கு மாதங்களில் ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் விற்றன. ஒருவர் பல பிரதிகள் வாங்கி நண்பருக்குக் கடனாகவும் பரிசாகவும் கொடுத்தார். பெற்றவர் அடுத்தவருக்குக் கொடுத்தார். கதையில் தோற்ற படையினர் அணிந்த கபில நிற மேலங்கியின் பெயரால் இவர்கள் தம்மை 'பிரவுண்கோட்' என அழைத்துக்கொண்டனர். தோல்வியுற்றோர் பெயரைத் தாமே விரும்பிச் சூடிக்கொண்டமை கவனிக்கத்தக்கது.

விற்பனையையும் ஆர்வத்தையும் கண்ட யூனிவேர்சல் நிறுவனம் திரைப்பட உரிமையைப் பெற்றுச் சுமார் 390 இலட்சம் டொலர் செலவில் படத்தைத் தயாரித்தது. பெரிய நட்சத்திரம் எவருமில்லாத படத்தை விற்பது எவ்வாறு? நிறுவனம் இரசிகரை நாடியது. 2005 மே மாதத்தில், இன்னும் முற்றாக முடிவுறாத படம் பத்து அமெரிக்க நகரங்களில் முன்காட்சியாக வைக்கப்பட்டது. இருக்கைகள் ஒருநாட் பொழுதில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் இருபது நகரங்கள். ஜூன் மாதத்தில் முப்பத்தைந்து. இரசிகருக்கெனச் சங்கமொன்றையும் நிறுவனம் அமைத்து, ஆட்சேர்ப்போருக்கும் படத்தைப் பரப்புவோருக்கும் புள்ளிகள் வழங்கியது. புள்ளிகளுக்குச் சிறு பரிசுப்பொருள்கள் கிடைத்தன. இரசிகர்கள் சுவரொட்டி வரைந்தனர், துண்டுப்பிரசுரம் அச்சிட்டனர், அறிமுகமற்றோரைக் கைபிடித்து அழைத்து வந்தனர். இவற்றுள் எதற்கும் கூலி கேட்டாரில்லை. தமது கதை பிழைக்கவேண்டும் என்பதே அவர்களது அவா.

2005 செப்டெம்பர் 30இல் படம் வெளியாயிற்று. அதன் உள்ளடக்கம் நம் சிந்தனைக்குரியது. மிராண்டா என்னும் கோளிலே, மக்களின் மூர்க்கக் குணத்தைப் போக்கிச் சாந்தமாக்கும் நோக்குடன், அரசு காற்றில் ஒரு மருந்தைக் கலக்கிறது. மூன்று கோடி மக்களும் சாந்தமாகின்றனர். வேலை செய்வதை விடுகின்றனர், உண்பதை விடுகின்றனர், இருந்த இடத்திலேயே மடிகின்றனர். மிகச் சிறு பகுதியினர் மாத்திரம் எதிர்விளைவால் மனிதரைத் தின்னும் கொடியோராகின்றனர். மறைக்கப்பட்ட இவ்வுண்மையை உலகறியச் செய்வதே கப்பலோட்டிகளின் கடைசிப் பணியாகிறது. எதையும் விரும்பாத மக்கட் கூட்டம் பிணக் கூட்டமே என்பது இப்படத்தின் கருத்து. ஒரு பொருளை விடாப்பிடியாக விரும்பியவரால் உயிர்பெற்ற படம் இக்கருத்தைக் கூறியது பொருத்தமே.

இரசிகரின் எதிர்வினை ஒருமுகமானதாய் இருக்கவில்லை. பழைய முகங்களைப் பெருந்திரையில் கண்டபோது கைதட்டிக் கண்ணீர் வடித்தவர் பலர். அவர்களே, பாதிரியார் புக்கும் கப்பலோட்டி வொஷும் இறந்தபோது திகைத்துப் போயினர். வொஷின் மரணம் கணப்பொழுதில், ஆறுதலுக்கு இடமின்றி நிகழ்கிறது. 'நாம் காப்பாற்றிய கதையில் நம்மவரையே கொன்றுவிட்டனரே' என்பது ஒரு சாரார் மனக்குறை. 'இனி எவரும் சாகலாம் என்ற அச்சமே இறுதிப் போரை உண்மையாக்கிற்று' என்பது மறுசாரார் வாதம். வேறு குறைகளும் எழுந்தன. தொடரில் சைமன் தன் தங்கையைப் பிறர் உதவியால் மீட்டான். படத்திலோ தானே நேரிற் புகுந்து மீட்கிறான். புக்கின் முன்வாழ்வு படத்தில் விளக்கம் பெறவில்லை; 2010இல் வெளிவந்த ஒரு சித்திரக்கதையே அதனைக் கூறிற்று. பல ஆண்டுகளிற் படிப்படியாக அவிழ வேண்டிய முடிச்சுகளை இரண்டு மணித்தியாலத்திற்குள் வெட்டிவிட்டனர் என்பது நியாயமான விமரிசனம். தொடர்கதை வாசகனோடு கூடி வாழ்வது. திரைப்படம் அவனைச் சந்தித்துப் பிரிவது. ஒன்றன் பணியை மற்றொன்று முற்றாகச் செய்தல் இயலாது.

வியாபார முடிவு உவப்பானதாய் அமையவில்லை. முதல் வார இறுதியில் ஏறக்குறைய 100 இலட்சம் டொலர் வசூலித்து இரண்டாம் இடத்தைப் பெற்ற படம், உலகெங்கும் மொத்தமாக 400 இலட்சத்தை ஒட்டியே ஈட்டியது. திரையரங்குகளின் பங்கை நீக்கினால், அரங்கு வசூலில் அது நட்டமே. ஒருவர் ஐந்து முறை பார்ப்பது ஐந்து புதியவர் பார்ப்பதற்கு ஈடாகாது. அடுத்த படம் எடுக்கப்படவில்லை.

இங்கேதான் வரலாற்றின் கசப்பான அத்தியாயம் தொடங்குகிறது. 2006இல், படத்தைச் சார்ந்த ஓவியங்களைப் பொருள்களிற் பொறித்து விற்ற இரசிகர் ஒருவருக்கு யூனிவேர்சலின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. விற்பனையை நிறுத்த வேண்டும். உரிமக் கட்டணமாக ஆயிரக்கணக்கான டொலர் செலுத்த வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். நேற்றுப் பரப்புக என்று ஊக்குவித்த அதே செயல் இன்று களவாயிற்று. பிரவுண்கோட் இரசிகர்கள் இதற்கு அளித்த விடை சுவையானது. படத்தைப் பரப்புதற்குத் தாம் செலவிட்ட நேரத்தை ஒவ்வொருவரும் எழுதிக் கூட்டினர். 28,000க்கும் மேற்பட்ட மணித்தியாலங்கள் வந்தன. அதற்குரிய ஊதியமாக 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைக் குறித்து நிறுவனத்தின் பெயருக்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதினர். நகைச்சுவையாகவே இதனைச் செய்தனரெனினும், அப்பற்றுச்சீட்டு ஓர் உண்மையை வெளிப்படுத்திற்று. அதுவரை 'அன்பு' என்றும் 'ஆர்வம்' என்றும் அழைக்கப்பட்டது, கணக்கில் எழுதியவுடன் 'உழைப்பு' என்னும் தன் இயற்பெயரைப் பெற்றுக்கொண்டது.

2013இல் நிகழ்ந்தது இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. தொடரின் ஓர் அத்தியாயத்தில், ஜெய்ன் என்னும் முரடனுக்குத் தாய் தன் கையாற் பின்னிய கம்பளித் தொப்பியொன்றை அனுப்புகிறாள். செம்மஞ்சளும் மஞ்சளுமான, பார்த்தாற் சிரிப்பூட்டும் தொப்பி. அதனை அவன் பெருமையுடன் அணிகிறான். இரசிகர்கள் அதனைத் தாமே பின்னி அணிந்தனர். சிலர் பின்னி விற்றனர். பதினோராண்டு கழிந்தபின், பொக்ஸ் நிறுவனம் அத்தொப்பியைத் தயாரிக்கும் உரிமத்தை ஒரு கம்பெனிக்கு அளித்தது. கையாற் பின்னி விற்றோருக்கு நிறுத்துமாறு கட்டளைகள் சென்றன. அத்தொப்பி வரும் அத்தியாயம், பொக்ஸ் 2002இல் ஒளிபரப்பாது விட்ட மூன்றனுள் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது. நிறுவனம் காட்ட விரும்பாத காட்சியைத் தேடிக் கண்டு, அதிலுள்ள தொப்பியை உலகறியச் செய்தவர் இரசிகர். அது பெறுமதியுடையதாயிற்று எனக் கண்டதும் உரிமைப் பத்திரம் பெட்டியிலிருந்து வெளிவந்தது. எதிர்ப்பு எழுந்தபோது, உரிமம்பெற்ற தொப்பியை விற்ற வணிக நிலையமொன்று தன் இலாபத்தை இரசிகரின் அறப்பணிக்கு அளிக்க முன்வந்தது.

எனினும் இரசிகர் யாவரையும் போராளிகளாகக் கொள்வது பிழையாகும். அவர்கள் வேண்டியது தமக்குப் பிடித்த பண்டம் மீண்டும் கிடைப்பதையே. பண்ட முறையின் மாற்றத்தையன்று. கதையைப் பற்றியும் அவர்களுட் பலர் கேட்கத் தயங்கிய வினாக்கள் உள. அக்கதையுலகில் மாந்தர் சீனமொழியில் வைகின்றனர், சீன எழுத்துகள் எங்கும் காணப்படுகின்றன. ஆயின் கப்பலில் வாழும் ஒன்பதின்மருள் சீன நடிகர் ஒருவருமில்லை. தோற்ற பக்கத்தின் பெருமிதம், அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய மைக்கல் ஷாராவின் நாவலை வீடன் வாசித்ததிலிருந்து பிறந்தது. அப்போரில் தோற்ற தென்மாநிலங்கள் எதனைக் காக்கப் போரிட்டன? அடிமை முறையையே. அந்த உண்மையை நீக்கிவிட்டுத் தோல்வியின் சோகத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளும்போது, வரலாறு மென்மையாக்கப்படுகிறது. கதையை நேசிப்பவன் இதனையும் கேட்டல் வேண்டும்.

ஆயினும் இவ்வியக்கம் வீண்போயிற்றென்று கூறமாட்டோம். 2006 முதல், பெண்களின் உரிமைக்காக உழைக்கும் 'ஈக்குவாலிட்டி நவ்' என்னும் அமைப்பிற்கு நிதி திரட்டும் பொருட்டு, இரசிகர்கள் பல நகரங்களில் இப்படத்தை ஆண்டுதோறும் திரையிட்டனர். 2007இல் ஸ்டீவன் சுவான்சன் என்ற விண்வெளி வீரர் தொடரினதும் படத்தினதும் இறுவட்டுகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்திற்கே கொண்டு சென்றார். இலாபக் கணக்கு மூடப்பட்ட ஒரு படைப்பு, வேறு பயன்களுக்காக மக்களிடையே வாழத் தொடங்கியதை இவை காட்டும்.

கதையை ஆக்கியவன் ஒருவன். அதற்குப் பணமிட்டவன் இன்னொருவன். அதனைச் சாகவிடாது தாங்கியவரின் பெயருக்கு உரிமைப் பத்திரத்தில் இடமில்லை. அவர்கள் எழுதிய பற்றுச்சீட்டுக்கு ஒருவரும் பணஞ் செலுத்தினாரில்லை. ஆனால் அதை எழுதுவதற்காகத் தம் நேரத்தைத் தாமே கூட்டிப் பார்த்த வேளையில், தாம் வெறும் நுகர்வோரல்லர் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். தமிழிலும் தொடர்களைப் பார்த்தும் படங்களைக் கொண்டாடியும் பொழுதையும் பொருளையும் செலவிடுவோர் பலராவர். அவர்களும் ஒருமுறை அக்கணக்கைக் கூட்டிப் பார்ப்பது நன்று.