பராமரிப்பும் பாடும்: தமிழ்க் கிறித்தவச் சொல்லாட்சியில் இறைத்திருவுளமும் மனிதத் துன்பமும்

1. முன்னுரை

உலகைப் படைத்த இறைவன் அதனைத் தொடர்ந்து காத்து வழிநடத்துகிறான் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. அவ்வாறு காக்கப்படும் உலகில் குற்றமற்றவர் துன்புறுவது ஏன் என்னும் வினா அக்கோட்பாட்டோடு உடன்பிறந்தது. இவ்விரண்டையும் தமிழில் சொல்ல முற்பட்டோர் வெற்றிடத்தில் தம் பணியைத் தொடங்கவில்லை. துன்பத்தின் காரணம் பற்றித் தமிழ் மிக நீண்ட காலமாகச் சிந்தித்து வந்திருந்தது. அச்சிந்தனைக்கு உரிய சொற்களும் ஆழ வேரூன்றியிருந்தன. அவற்றுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பதே மொழிபெயர்ப்பாளர் முன் நின்ற சிக்கலாகும். 16ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நிகழ்ந்த அச்சொல்தேர்வின் வரலாற்றையும், அத்தேர்வால் துன்புறுவோர் பெற்றதும் இழந்ததும் யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. முன்பே நிறைந்திருந்த சொற்களம்

துன்பத்தின் காரணத்தைச் சுட்டத் தமிழில் வழங்கிய சொற்களுள் ஊழ், வினை, விதி ஆகியவை தலைமையானவை. ஊழ்த்தல் என்னும் வினைக்கு முதிர்தல், மலர்தல், உதிர்தல் முதலிய பொருள்கள் உண்டு. ஊழ் என்னும் பெயருக்கு முறை, பழவினை என்னும் பொருள்கள் உண்டு. காய் கனிவதுபோலச் செய்த செயல் தன் பயனாக முதிர்கிறது என்பது இச்சொல் தரும் காட்சி. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழைப் பற்றியது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், ஊழுக்கு உரிய ஒருபொருட் சொற்களாக முறை, நியதி, விதி முதலியவற்றோடு தெய்வம் என்பதனையும் சேர்த்துக் கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது. தெய்வம் என்னும் சொல்லே ஊழின் மறுபெயராக நிற்கக்கூடிய மொழிச்சூழலில், ஊழுக்கு அப்பாற்பட்ட ஒருவனின் காவலைச் சொல்வது எளிதன்று.

ஆயினும் தமிழ்ச் சிந்தனை முழுவதும் ஆளற்ற ஊழோடு நின்றுவிட்டது எனக் கொள்வது பொருந்தாது. சைவ சித்தாந்தம் வினையைத் தானே இயங்கும் பொருளாகக் கொள்வதில்லை. வினைப்பயனை உயிர்களுக்கு ஊட்டுபவன் இறைவனே என்றும், அவன் ஒறுப்பதும் அருளே என்றும் அது கூறும். மறக்கருணை என்னும் சொல் இக்கருத்தைத் தெளிவாகச் சுட்டுகிறது. எனவே கிறித்தவ நூலோர் எதிர்கொண்டது இறைவனின் ஆட்சியை அறியாத மொழியை அன்று. இறைவனின் ஆட்சியும் முற்பிறவி வினையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த மொழியையே அவர்கள் எதிர்கொண்டனர். வேறுபாடு எழுந்த இடம் முற்பிறவி என்னும் ஒன்றே எனலாம்.

3. விலக்கலும் தேர்வும்

அன்றிக்கு அன்றிக்கசு 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் தமிழில் அச்சேறிய தொடக்க நூல். இறைவனைச் சுட்டத் தமிழ் வழக்கிலிருந்த தம்பிரான் என்னும் சொல்லை ஏற்ற அந்நூல், வேறு பல கருத்துகளுக்குப் போர்த்துக்கேயச் சொற்களையே தமிழ் எழுத்தில் பெயர்த்து அமைத்தது. ஒலிபெயர்ப்பு பொருட்குழப்பத்தைத் தவிர்க்கும். ஆனால் துன்புறுவோனுக்கு அது ஒன்றையும் உணர்த்தாது.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய இராபர்ட்டு தெ நொபிலி வேறு வழியை மேற்கொண்டார். வடசொற்கள் செறிந்த உரைநடையில் கோட்பாடுகளை வாதமுறையில் விளக்கினார். அவர் இயற்றிய நூல்களுள் ஒன்றின் பெயரே புனர்ஜென்ம ஆட்சேபம். மனிதரிடையே காணப்படும் இன்பதுன்ப வேறுபாடுகளுக்கு முற்பிறவியைக் காரணமாகக் காட்டும் கொள்கையை அது மறுக்கிறது. வட்டாரச் சமயமொழியை ஏற்று எழுதும் இம்முறை தமிழோடு நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லியோனார்தோ சின்னமி சீரங்கப்பட்டணத்தை மையமாகக் கொண்டு மைசூர் நாட்டில் இயேசு சபைப் பணியைத் தொடங்கியபோது கன்னடத்திலும் இத்தகைய முயற்சி தொடர்ந்தது.

மறுப்பு ஒருபுறம் நிகழ, ஊழுக்கு மாற்றாக நிறுத்தத்தக்க சொல்லும் தேவைப்பட்டது. இங்கு விவிலியம் நேரடியாக உதவவில்லை. இறைவனின் முன்னறிவுடைய காவலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் கத்தோலிக்க விவிலியத்திலுள்ள சாலமோனின் ஞான நூலில் இடம்பெறுகிறது. புதிய ஏற்பாட்டிலோ அதே சொல் மனிதர் செய்யும் முன்னேற்பாட்டையே குறிக்கிறது. எனவே இக்கோட்பாட்டிற்குரிய கலைச்சொல் மறைக்கல்வி நூல்களின் வழியாகவும் மறையுரைகளின் வழியாகவுமே நிலைபெற வேண்டியிருந்தது. அவ்வாறு நிலைபெற்ற சொல் பராமரிப்பு. தேவ பராமரிப்பு, இறைப் பராமரிப்பு என்னும் தொடர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

பராமரித்தல் என்பதனை வடமொழிப் பராமர்சம் என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். அச்சொல்லுக்குத் தொடுதல், ஆராய்தல், கருதிப்பார்த்தல் என்பன பொருள். ஆராய்ந்து நோக்குதல் என்னும் பொருளிலிருந்து காத்தல் என்னும் பொருள் கிளைத்தது எனக் கொள்ளலாம். இலத்தீனில் இக்கோட்பாட்டைக் குறிக்கும் சொல்லும் முன், காண் என்னும் இரு கூறுகளால் ஆனதே. தொடக்க நூலின் 22ஆம் அதிகாரத்தில், பலிக்கு உரிய ஆடு எங்கே என்று மகன் வினவும்போது ஆபிரகாம் தரும் விடையில் உள்ள எபிரேய வினைக்கும் காணுதல் என்பதே அடிப்படைப் பொருள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் பார்த்துக்கொள் என்னும் கூட்டுவினையைப் பயன்படுத்தினர். பிள்ளையைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள் என அன்றாட வழக்கில் வரும் இவ்வினை, காண்பதையும் காப்பதையும் ஒருசேரச் சுட்டுகிறது. எபிரேயமும் இலத்தீனும் தமிழும் தொடர்பின்றியே ஒரே பொருள்மாற்றத்தை அடைந்திருப்பது சொற்பொருளியல் நோக்கில் கருதத்தக்கது.

இத்தேர்வின் விளைவு தெளிவானது. ஊழ் முதிர்வது, பராமரிப்பு பார்ப்பது. முதிர்வதற்கு ஆள் வேண்டியதில்லை. பார்ப்பதற்கு ஒருவன் வேண்டும்.

4. பாடு என்னும் சொல்

துன்பத்தைச் சுட்டும் சொற்களில் கிறித்தவத் தமிழ் தனிச்சிறப்புடன் ஆண்டது பாடு என்பதாகும். சிலுவையில் இயேசு அடைந்த துன்பத்தைப் பாடுகள் என்றும் திருப்பாடுகள் என்றும் இருபெரும் திருச்சபைப் பிரிவினரும் வழங்குகின்றனர். படு என்னும் வினையடியிலிருந்து தோன்றிய இச்சொல்லுக்குத் துன்பம் என்னும் பொருளோடு உழைப்பு என்னும் பொருளும் உண்டு. உழவன் வயலில் பாடுபடுகிறான் என்னும்போது துன்பமும் உழைப்பும் பிரிக்க இயலாதவாறு இணைந்து நிற்கின்றன. வீணே வந்து சேரும் துயரமாக அன்றி, பயன் நோக்கிய துயரமாகச் சிலுவைத் துன்பத்தை உணர்த்த இச்சொல் பெரிதும் துணைநின்றது.

படு என்பதற்கு மற்றொரு பணியும் உண்டு. அதுவே தமிழின் செயப்பாட்டுவினைத் துணைவினை. இலக்கணக் கலைச்சொல்லாகிய செயப்பாட்டுவினை என்பதிலேயே பாடு அடங்கியுள்ளது. இலத்தீனிலும் துன்புறுதலைக் குறிக்கும் வினையிலிருந்தே சிலுவைப் பாட்டைக் குறிக்கும் சொல்லும் செயப்பாட்டுவினையைக் குறிக்கும் இலக்கணச் சொல்லும் பிறந்தன. துன்புறுதல் என்பது பிறிதொன்றின் செயலுக்கு இலக்காதல் என்னும் உணர்வு இரு மொழிகளிலும் உறைந்துள்ளது. செயலுக்கு இலக்கானவன் இருப்பின் செய்தவன் யார் என்னும் வினா உடன் எழும். இறைவனின் காவல் பற்றிய வினா இலக்கணத்துக்குள் நுழையும் இடம் இதுவே.

5. மறையும் எழுவாய்

இறைவனின் பெயரை வெளிப்படையாகக் கூறாது, செயப்பாட்டுவினையால் அவன் செயலைக் குறிப்பாக உணர்த்துவது விவிலிய கிரேக்கத்தில் காணப்படும் ஒரு வழக்கு. மலைப்பொழிவில் துயருறுவோரைப் பற்றிய வாக்கு இதற்குச் சான்று. அவர்கள் ஆறுதல் அளிக்கப்படுவர் என்பது மூலத்தின் அமைப்பு. ஆறுதல் அளிப்பவன் இறைவன் என்பது உட்பொருள். 1871ஆம் ஆண்டின் ஒன்றியத் திருப்புதலின் வழிவரும் வழக்குமொழிபெயர்ப்பு இங்கு ஆறுதலடைதல் என்னும் வினையை ஆள்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ஆறுதல் பெறுதல் என்கிறது. இரண்டும் இயல்பான தமிழ். ஆனால் இரண்டிலும் அளிப்பவன் மறைகிறான்.

உரோமையர் திருமுகத்தின் 8ஆம் அதிகாரம், 28ஆம் வசனம் மேலும் நுட்பமானது. இறைவனிடம் அன்புகூர்வோருக்கு அனைத்தும் நன்மைக்கு உதவுகின்றன எனவும், இறைவன் அனைத்திலும் நன்மைக்காகச் செயலாற்றுகிறான் எனவும் இருவகையாகப் பொருள்கொள்ள மூலம் இடந்தருகிறது. தொன்மையான சில கையெழுத்துப்படிகள் இறைவன் என்னும் எழுவாயை வெளிப்படையாகவே கொண்டுள்ளன. பழைய திருப்புதல் சகலமும் என்பதனை எழுவாயாக்கி, நடத்தல் என்னும் தன்வினையை முடிக்கும் சொல்லாக்கியது. இதனால், தாமாகவே நன்மை நோக்கி நகரும் நிகழ்ச்சிகளின் வரிசை என்னும் தோற்றம் எழுகிறது. முன்வாயிலில் விலக்கப்பட்ட ஊழ் பின்வாயிலின் வழியே நுழைவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இவற்றினும் சிக்கலானது யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என வினவுகின்றனர். பிறக்கும் முன்னரே ஒருவன் பாவம் செய்திருக்கக்கூடுமோ என்னும் வினாவைத் தமிழ் வாசகன் முற்பிறவியோடு இணைத்துக் கேட்பது இயல்பு. இயேசு இரண்டையும் மறுக்கிறார். அம்மறுப்பை அடுத்து, இறைவனின் செயல்கள் வெளிப்படும்பொருட்டு என்னும் நோக்கத் தொடர் மூலத்தில் முடிக்கும் வினையின்றி நிற்கிறது. முற்றுவினையை இறுதியில் வேண்டும் தமிழ்த் தொடரமைப்பு அதனை அவ்வாறே விட்டுவைக்க இடந்தராது. எனவே பழைய திருப்புதலும் 1995ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பும் இப்படிப் பிறந்தான், இப்படிப் பிறந்தார் என மூலத்தில் இல்லாத வினையை வருவித்து முடித்தன.

இவ்வருவிப்பினால் பார்வையின்மை ஒரு நோக்கத்திற்காக விதிக்கப்பட்டது என்னும் பொருள் உறுதிப்படுகிறது. பாவம் என்னும் காரணம் நீங்கிய இடத்தில் இறைவனின் காட்சிப்பொருளாதல் என்னும் காரணம் வந்தமர்கிறது. பார்வையற்றுப் பிறந்த ஒருவருக்கு இவ்விரண்டனுள் எது ஆறுதல் தரும் என்பது எளிதில் விடைகாண முடியாத வினா. மற்றொரு வழியும் உண்டு. அந்நோக்கத் தொடரை அடுத்த வசனத்தோடு இணைத்துப் படிக்கலாம் என்பது விவிலிய ஆய்வாளர் சிலரின் கருத்து. அவ்வாறு படிப்பின், இறைவனின் செயல்கள் இவனிடம் வெளிப்படும்பொருட்டு, பகல் உள்ளபோதே நாம் உழைக்க வேண்டும் என்னும் பொருள் கிடைக்கும். தொன்மையான படிகள் சில இங்கு நாம் என்னும் பன்மையையே தருகின்றன. இப்பாடத்தில் துன்பத்திற்குக் காரணம் கூறப்படவில்லை. துன்புறுவோனுக்குச் செய்ய வேண்டிய கடமையே கூறப்படுகிறது. நோக்கத் தொடருக்குப் பின் முற்றுவினை வருவது தமிழுக்கு மிகவும் இயல்பான அமைப்பு என்பதால், தமிழ் இதனை எவ்வித வருவிப்புமின்றி ஏற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் மறைப்பணியாளர் தொடங்கிய பள்ளிகள், அச்சிட்ட பாடத்தில் இடம்பெறாத இப்பொருளை நடைமுறையில் மொழிபெயர்த்தன எனலாம்.

6. பஞ்சமும் முறையீடும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம் இச்சொற்களைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. 1871இல் ஐம்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த மைசூர் அரசின் மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 42 இலட்சமாகக் குறைந்தது. சென்னை மாகாணத்தின் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. இத்தகைய பேரழிவை ஒவ்வொருவரின் வினைக்கும் உரிய கூலி என்பதும், பராமரிப்பின் ஒரு கூறு என்பதும் ஒருங்கே நாவெழாத சொற்களாயின.

மாயூரத்தில் முனிசீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை (1826–1889) அக்காலத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோரைக் காத்தார். கோபாலகிருட்டிண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். பஞ்சம் குறித்து அவர் இயற்றிய பாடல்கள் 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் இடம்பெற்றன. அவை பஞ்சத்திற்குக் காரணம் கற்பிப்பதைத் தம் நோக்கமாகக் கொள்ளவில்லை. எச்சமயத்தாரும் பாடத்தக்க பொதுச்சொற்களால் இறைவனை விளித்து, மழைக்கும் உணவுக்கும் முறையிடுகின்றன.

முறையிடுதல் என்னும் இச்சொல் சிந்திக்கத்தக்கது. பரிமேலழகர் ஊழின் மறுபெயராகக் காட்டிய முறை என்பதே இதன் முதனிலை. ஆயினும் முறையிடுதல் என்பது நீதி வழங்கும் கடப்பாடுடைய ஒருவன் முன் வழக்குரைத்தல் ஆகும். சிலப்பதிகாரம் ஊழின் வலிமையைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாகக் கொண்ட காப்பியம். எனினும் அதில் கண்ணகி வழக்குரைத்தது ஊழின் முன் அன்று, மன்னன் முன். ஊழிடம் முறையிட இயலாது, அதற்குச் செவியில்லை. பார்த்துக்கொள்பவன் ஒருவன் உளன் என்னும் சொல்லாட்சியே, ஏன் பார்க்கவில்லை எனக் கேட்கும் உரிமையையும் தருகிறது. விவிலியத்தின் யோபு நூல் முழுவதும் அவ்வுரிமையின் வெளிப்பாடே. யோபுவின் துன்பத்திற்குக் காரணம் கற்பித்த நண்பர்கள் அந்நூலின் இறுதியில் கண்டிக்கப்படுகின்றனர். முறையிட்ட யோபுவோ ஏற்கப்படுகிறான்.

7. முடிவுரை

தமிழ்க் கிறித்தவ நூலோர் ஊழ், விதி ஆகிய சொற்களை விலக்கிப் பராமரிப்பு, பாடு முதலியவற்றைத் தேர்ந்தது துன்பத்திற்குப் புதிய விளக்கம் ஒன்றைத் தந்தது என்பதினும், துன்புறுவோன் தன் குறையைச் சொல்வதற்கு ஒருவனைத் தந்தது என்பதே பொருந்தும். அவ்வொருவனைத் தொடரின் எழுவாயாக நிறுத்துவதும் மறைப்பதும் மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளன. கலைச்சொல்லை ஆராய்ந்து தேர்ந்த அளவிற்கு வினைமுற்றும் எழுவாயும் கருத்துடன் தேரப்படவில்லை என்பதை மேற்காட்டிய இடங்கள் உணர்த்துகின்றன. செய்யப்படுவதாக என்று பழைய திருப்புதலில் இருந்த வேண்டல் 1995இல் நிறைவேறுக என்றாயிற்று. திருவுளம் என்னும் அழகிய சொல் சித்தத்தின் இடத்தைப் பெற்றது, ஆனால் அதனைச் செய்வோர் யார் என்னும் வினா மேலும் மங்கியது. இனி வரும் திருப்புதல்களில் சொல்லின் தேர்வோடு தொடரின் அமைப்பும் ஒருங்கே எண்ணப்படுமாயின், துயருறுவோர் அவ்வேட்டைத் திறக்கும்போது காரணத்தை மட்டுமன்றித் தம் குரலைக் கேட்பவனையும் அதில் காண்பர்.