சாம்பல், கமாக்சின், வேப்பங்கொட்டை

முளைக்கீரைக்கு ஆயுசு 25 நாள்தான். நெல், பருத்தி போல மாதக்கணக்கில் நின்று விளைகிற பயிர் இல்லை. முளைத்த சூட்டோடு பறித்துச் சட்டியில் போட்டுவிடுவோம். கீரைப்புழுவை விரட்டிய கதையை இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் கிணற்றடிப் பாத்திக்கு அப்பத்தா முதலில் போட்டதெல்லாம் அடுப்புச் சாம்பல்தான். விறகும் வறட்டியும் எரிந்த சாம்பலைச் சலித்து, நைந்த வேட்டித் துணியில் முடிந்து, பனி ஈரம் காயுமுன் செடிகள் மேல் தட்டிக்கொண்டே போவார். ஈரத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். சாம்பல் படிந்த இலையைப் புழு லேசில் கடிக்காது. ஆனால் இலைகளை நூலால் பிணைத்து உள்ளே உட்கார்ந்துவிட்ட புழுவுக்குச் சாம்பல் எட்டாது. "சுருண்டதைப் பிரிச்சுப் பாக்காதத்தா, அப்படியே கிள்ளிரு" என்பார். பிரித்தால் பச்சைப் புழு துள்ளி நெளிந்து, நூல் விட்டு இறங்கி மண்ணுக்குள் மறைந்துவிடும். கிள்ளிய இலை கோழிக்குப் போகும். பழுப்புச் சிறகில் வெள்ளைப்பட்டை ஓடும் சின்ன அந்துப்பூச்சி பாத்தியில் பறந்தாலே புழு வரப்போகிறது என்று தயாராகிவிடுவார்.

படித்தவர்கள் பக்கம், பூச்சியியலாளர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளுக்கான கையேட்டை 1940இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர், டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டிருந்தார். அடித்த மருந்து நெடுநாள் வீரியத்தோடு நிற்க வேண்டும் என்பது அவர் தேடியவற்றில் ஒன்று. 1948இல் நோபல் பரிசும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி.யும் இன்னொரு பூச்சிமருந்தான பி.எச்.சி.யும் இங்கே வந்தன. பி.எச்.சி.யை ஊரில் கமாக்சின் என்றார்கள். எறும்புப் புற்றுக்குப் போட்ட அதே பொடி, சாம்பல் கட்டிய அதே துணி முடிச்சில் கீரைக்கும் ஏறியது. அந்தப் பூசண வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நெடுநாள் நிற்கும் நஞ்சை 25 நாளில் தின்னும் இலைமேல் தூவச் சொல்லிக் கொடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. படித்தவர்கள் சொன்னதை நம்பித்தான் அப்பத்தா தூவினார். வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989இலும், பி.எச்.சி.க்கு 1997இலும் தடை வந்தது.

வேம்பின் கதை இதற்கு நடுவிலேயே தொடங்கிவிட்டது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்பமரம் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானியரான ஷ்முட்டரர் கவனித்தார். 1962இல் டெல்லியில் பூச்சியியலாளர் எஸ். பிரதான் குழு வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடவில்லை. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. வெயிலில் சீக்கிரமே சிதைந்தும் போகும். பருத்திக்காரர் இதைக் குறை என்பார். கீரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கரைசல் செய்ய லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு. இடித்து, துணியில் கட்டி இரவெல்லாம் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். கொட்டை, ஆடியில் உதிர்ந்த பழத்தைச் சதை கழுவி நிழலில் உலர்த்தியதாக இருக்கட்டும். பூசணம் பிடித்ததும் வருஷம் கடந்ததும் பலன் தராது.