ஆட்குறைப்பும் நோய் விடுப்பும்: பின்லாந்து நகராட்சிகள் தரும் சான்று

உள்ளாட்சி ஊழியர்களின் நோய் விடுப்பு பெருகும்போது நிர்வாகங்கள் பொதுவாக இரண்டு வழிகளை நாடுகின்றன. ஒன்று, விடுப்பு எடுப்போரைக் கண்காணிப்பது. மற்றொன்று, யோகா வகுப்பு, மன அழுத்தப் பயிற்சி, உடல்நலச் செயலி போன்ற நலத் திட்டங்கள். இரண்டுமே நோயின் காரணத்தை ஊழியரிடம் தேடுகின்றன. அக்காரணத்தில் பெரும்பங்கு, வேலை அமைக்கப்பட்டுள்ள விதத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான சான்று பின்லாந்தில் கிடைக்கிறது. அங்கே பள்ளி, சுகாதார நிலையம், முதியோர் பராமரிப்பு அனைத்தையும் நகராட்சிகளே நடத்திவந்தன. சோவியத் வணிகம் முறிந்ததும் வங்கி நெருக்கடியும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரத்தைச் சரித்தன. 1990இல் 3 விழுக்காடளவில் இருந்த வேலையின்மை 1993இல் 16 விழுக்காட்டைத் தாண்டியது. நகராட்சிகள் ஆட்களைக் குறைத்தன. துர்க்கு நகரை அடுத்த ரைசியோவில், வேலையில் நீடித்தவர்களின் விடுப்புப் பதிவேடுகளை யூசி வாஹ்தெரா, மிகா கிவிமாக்கி உள்ளிட்டோர் ஆராய்ந்து 1997இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டனர். ஆட்குறைப்பு கடுமையாக இருந்த இடங்களில், மருத்துவச் சான்றுடன் எடுத்த விடுப்பு, ஆட்குறைப்பு சிறிதளவே நடந்த இடங்களைப் போல 2.3 மடங்காக இருந்தது.

ஏன் என்ற கேள்விக்கு இதே குழுவினர் 2000இல் விடை தேடினர். உடலுழைப்பு கூடியது, வேலை நிலைக்குமா என்ற அச்சம் வளர்ந்தது, தன் வேலையைத் தானே திட்டமிடும் உரிமை சுருங்கியது. விடுப்பு உயர்வில் ஏறத்தாழப் பாதியை இம்மாற்றங்களே விளக்கின. முதியோர் இல்லம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நடக்க இயலாத ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இருவர் வேண்டும். ஒரு பணியிடம் காலியானால் முதியவரின் எடை குறைந்துவிடாது. மிஞ்சியிருப்பவரின் முதுகுதான் அதைத் தாங்குகிறது. அந்த முதுகுவலிக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது.

பத்து நகரங்களின் 22,430 ஊழியர்களைத் தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. 18 விழுக்காட்டுக்கு மேல் ஆட்குறைப்பு நடந்த இடங்களில், நிரந்தர ஊழியர்களின் நோய் விடுப்பு உயர்ந்தது. தற்காலிக ஊழியர்களிடம் அந்த உயர்வு இல்லை. இதய, இரத்தநாள நோய்களால் நேர்ந்த இறப்போ, ஆட்குறைப்பு இல்லாத இடங்களைப் போல இரு மடங்காக இருந்தது. தற்காலிகப் பணியாளர்களிடம் விடுப்பு உயராததை, அவர்கள் திடமாக இருந்தார்கள் என்று படிக்கக் கூடாது. பின்லாந்தின் பொது மருத்துவமனைகளில் நடந்த இன்னோர் ஆய்வில், தற்காலிகப் பணியிலிருந்து நிரந்தரமானவர்களின் நோய் விடுப்பு அதன்பிறகே கூடியது. வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர் காய்ச்சலோடும் வருவார். ஆகவே விடுப்பு குறைந்துவிட்டது என்ற புள்ளிவிவரம் தன்னளவில் நலத்துக்குச் சான்றல்ல. என் பார்வையில், இவ்வாய்வுகளிலிருந்து நிர்வாகிகள் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

பிரிட்டனில் புழங்கும் ‘பிராட்போர்டு காரணி’ இப்பாடத்துக்கு நேர் எதிரானது. விடுப்பு எடுத்த தடவைகளின் வர்க்கத்தை மொத்த நாள்களால் பெருக்கும் கணக்கு அது. தொடர்ந்து பத்து நாள் படுத்தவருக்கு மதிப்பெண் 10. ஒற்றைத் தலைவலியால் பத்துத் தடவை ஒவ்வொரு நாள் விடுப்பு எடுத்தவருக்கு 1,000. எண் உயர்ந்தால் விசாரணைக்கு அழைப்பார்கள். நாள்பட்ட நோயுள்ளவரை இக்கணக்கு குற்றவாளியைப் போல நிறுத்துகிறது.

நலத் திட்டங்களின் பலனும் ஐயத்துக்குரியதே. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பற்றி வில்லியம் பிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வில், தனிநபர் மனநலத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இல்லை; தொண்டுப் பணி ஒன்றே சற்று விலக்கு. ஒரே காலப்புள்ளியில் எடுத்த தரவு என்பதால், ஏற்கெனவே வாடியவர்களே இவற்றை நாடியிருக்கலாம் என்ற மறுப்பு உண்டு. அதை ஏற்றாலும், நலத் திட்டங்கள் பயன் தந்தன என்று நிறுவ அத்தரவு உதவாது.

எனவே உள்ளாட்சி மன்றங்கள் நோய் விடுப்புக் கணக்கைத் தனியே விவாதிப்பதை நிறுத்த வேண்டும். பிரிவுவாரியாக எத்தனை பணியிடங்கள் காலி, எத்தனை பேர் தற்காலிகம், அட்டவணையை வகுப்பதில் ஊழியருக்கு இடமுண்டா என்ற விவரங்களை அக்கணக்கோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டு, வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் முன்பே உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும்.