பாட்டியார் வீட்டுக் கலைமகள்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று சிற்றூர்கள் கல்விச்சாலை ஒன்றிற்கு அறமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறும். நம் பகுதியின் கல்வி வரலாற்றை எழுதுவோர்க்கு அது முதன்மைச் சான்று. அதே பாகூரில் என் பாட்டியார் வீட்டுச் சுவரில் இருந்த அச்சுப்படம் ஒன்றும் சான்றே என்பது என் கருத்து.

அது இரவிவர்மா (1848-1906) தீட்டிய கலைமகள். அரண்மனை ஓவியங்கள் எளியோர் இல்லங்களையும் அடைய வேண்டுமென அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். வண்ணத்திற்கு ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டே படங்கள் உருவாயின. வெண்டாமரையில் வீற்றிருப்பவளாகப் புலவர் பாடிய கலைமகள், இப்படத்தில் நீர்நிலையருகே பாறைமீது அமர்ந்து வீணை மீட்டுகிறாள்; அருகே மயில். மேலைநாட்டுப் பாணியின் சாயல் எனக் கலை அறிஞர் சிலர் குறை கூறினர்.

எழுத்தறியாத என் பாட்டியார், அப்படத்திற்குக் குங்குமம் இட்ட பின்னரே என்னைப் பள்ளிக்கு அனுப்புவார். படிகள் ஆயிரமாயினும் அக்குங்குமக் கறை அந்த ஒன்றிற்கே உரியது. தமக்குக் கிட்டாத கல்வியைப் பேத்திக்காக வேண்டிய ஒரு பெண்ணின் விண்ணப்பம் அது.

வீட்டை இடித்தபோது படம் குப்பையோடு போயிற்று. முனைவர் பட்டத்திற்காக வெளியூர் நூலகங்களில் சான்று தேடிய நான் அதனைக் காக்கத் தவறினேன். வில்லியனூர், பாகூர் வீடுகளில் எஞ்சியுள்ள படங்களைக் கறை துடைக்காமல் காப்பதையும், மாட்டியவர் யாரெனக் கேட்டு எழுதிவைப்பதையும் நம் இலக்கிய வட்டம் இப்பத்தாம் ஆண்டில் மேற்கொள்ளுமாக. செப்பேட்டில் மன்னன் பெயர் உண்டு. பாட்டியர் பெயரை நாமே எழுத வேண்டும்.