வண்டின் வயதைச் சொல்லும் பலகை

ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரத்தில் பிறந்து, கண்டங்கள் பல கடந்து, மெக்சிகோ தேசத்துப் புவேப்லா நகரத்துத் தொழிற்சாலையில் 2003 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் தன் பரம்பரையை முடித்துக்கொண்ட ஃபோக்ஸ்வாகன் 'வண்டு', தன் வாழ்நாளில் 2,15,29,464 பிரதிகளாகப் பெருகிற்று. அவற்றையெல்லாம் ஒரு பெரிய மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பத்தடி தூரத்தில் நின்று பார்க்கும் ஒரு சாமானிய மனிதனிடம், இவற்றுள் எது தாத்தா, எது பேரன் என்று கேட்டால், அவன் திகைத்துத்தான் போவான். அதே குவிந்த முதுகு, அதே உருண்டைக் கண்கள், பின்புறத்தில் அதே காற்றால் குளிரும் எஞ்சின். ஆனால் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டி, ஸ்டியரிங்குக்கு அப்பால் குறுக்கே ஓடும் டேஷ்போர்டை ஒரு கணம் நிதானித்துப் பார்க்கிறவனுக்கு, அந்த வண்டி தன் பிறந்த ஆண்டைப் பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடும்.

நம் கோயில்களின் காலத்தை ஆராய்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதன்று. கல்வெட்டு ஏதும் இல்லாத ஒரு மண்டபத்தில் நின்றுகொண்டு, தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் போதிகையை அண்ணாந்து பார்த்து, அது சோழர் காலத்தது, இது விஜயநகரத்தது என்று சொல்லும் வழியைப் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் நெடுநாள் உழைத்துக் காட்டினார். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது கோபுரம். காலத்தைச் சொல்லுவதோ, யாரும் கவனியாத அந்தச் சிறு போதிகை. வண்டுக்கு அதன் டேஷ்போர்டே போதிகை என்பது என் துணிபு.

உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்காகிச் சிதைந்து கிடந்த வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலை, 1945 இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்புக்கு வந்து, மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்னும் பொறியியல் அதிகாரியின் முயற்சியால் மறுபடி உயிர்பெற்று, அவ்வாண்டு முடிவதற்குள் 1,785 வண்டிகளைச் செய்து முடித்தது. அக்காலத்து டேஷ்போர்டு ஏறத்தாழ ஒரு துறவியின் அறையைப் போன்றது. எஃகுத் தகட்டை அழுத்தி வார்த்த பலகை. நடுவே அக்கம்பக்கமாக இரண்டு குழிகள். அவற்றின் இருபுறமும் மூடியில்லாத இரண்டு பொந்துகள். ஓட்டுகிறவன் பக்கத்துக் குழியில் ஸ்பீடோமீட்டர் இருக்கும். மற்றக் குழியை ஒரு தகடு மூடியிருக்கும். வசதியுள்ளவர் வாங்கிய வண்டியானால் அங்கே ஒரு கடிகாரம் இருக்கும். திரும்பப் போவதை அறிவிக்க, இக்காலத்து விளக்குகளைப் போல் மினுக்குகிற ஏற்பாடு அப்போது இல்லை. கதவுக்குப் பின்னுள்ள தூணிலிருந்து, கை நீட்டுவது போல, ஒரு சிறு அம்பு வெளியே எழும்பும். அதை எழுப்பும் திருகு டேஷ்போர்டின் உச்சியில், நட்ட நடுவில் இருந்தது. எஞ்சினைக் கிளப்பச் சாவியைத் திருகினால் மட்டும் போதாது. தனியே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

இத்தனை சொற்பமான கருவிகளோடு ஒருவன் எப்படி மலையும் பாலையும் கடந்து போனான் என்று இன்றையோர் வியக்கலாம். வியப்புக்கு இடமில்லை; எஞ்சினின் அமைப்பே அந்தச் சிக்கனத்துக்குக் காரணம். தண்ணீரே இல்லாத எஞ்சினுக்குத் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் எதற்கு? மின்சாரம் உண்டாக்கும் டைனமோவையும், எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடியையும் ஒரே பெல்ட்டுதான் சுழற்றியது. ஆதலால் அந்தப் பெல்ட் அறுந்தால், டைனமோ நின்று, சிவப்பு விளக்கு எரியும். பாட்டரிக்கு மின்சாரம் போகவில்லை என்று மட்டும் அவ்விளக்கு சொல்லவில்லை. எஞ்சின் இனிக் குளிராது, உடனே நிறுத்து என்றும் அதுவே சொல்லிற்று. எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் பச்சை விளக்கு. இவ்விரண்டையும் அறிந்தவனுக்கு வேறு கருவி வேண்டியிருக்கவில்லை. ஒரு சின்ன விளக்குக்குள் இரண்டு செய்திகளை அடக்கிய அந்தப் பொறியாளர்களின் புத்தியை நான் நினைக்கும்தோறும் மனம் நெகிழ்கிறது.

1948 ஜனவரியில் தொழிற்சாலையின் தலைமையை ஏற்ற ஹைன்ஸ் நோர்ட்ஹோஃப், ஆண்டுதோறும் வண்டிக்குப் புதுச்சட்டை மாட்டும் அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றாமல், உருவத்தை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகச் சீர்திருத்தும் கொள்கையை மேற்கொண்டார். வெளியே மாறாமையும் உள்ளே இடைவிடாத மாற்றமும் ஒரே வண்டியில் குடிகொண்டது இதனால்தான். வயது காண்பவனுக்கு வெளியுருவம் கைகொடாமல் போனதும் இதனால்தான்.

முதற்பெரிய மாற்றம் 1952 அக்டோபரில் நேர்ந்தது. இரட்டைக் குழியும் இரட்டைப் பொந்தும் மறைந்தன. ஸ்பீடோமீட்டர் ஓட்டுகிறவனின் கண்ணுக்கு நேராக, ஸ்டியரிங்குக்குப் பின்னே வந்து அமர்ந்தது. சிவப்பும் பச்சையுமான விளக்குகள் அதன் முகத்துக்குள்ளேயே இடம் பெற்றன. நடுவில் வானொலிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பயணியின் பக்கத்தில் மூடியோடு கூடிய பெட்டி வந்தது. அம்பை எழுப்பும் திருகு உச்சியை விட்டிறங்கி ஸ்டியரிங் தண்டில் விசையாகச் சேர்ந்தது. ஆனால் வண்டியின் பின் கண்ணாடி மட்டும் அப்போது மாறவில்லை. நடுவில் ஒரு தண்டு பிளக்க, இரண்டு பாதிகளாக இருந்த அந்தப் பழைய கண்ணாடி 1953 மார்ச் மாதம் வரை நீடித்து, அதன் பிறகே முட்டை வடிவான ஒற்றைக் கண்ணாடிக்கு வழிவிட்டது. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் வெளிவந்த வண்டிகள் பின்னிருந்து பார்த்தால் பழையவை, முன்னே உட்கார்ந்து பார்த்தால் புதியவை. ஜெர்மானியர் இவற்றை 'ஸ்விட்டர்' என்கிறார்கள். இரண்டு இயல்பும் கலந்த பிறவி என்பது அச்சொல்லின் கருத்து. பின் கண்ணாடியை மட்டும் கண்டு ஆண்டைக் கணிக்கும் ஒருவன் இவ்வகை வண்டியிடம் ஏமாந்து போவான். டேஷ்போர்டைப் பார்த்தவனோ ஏமாற மாட்டான். முட்டைக் கண்ணாடிக் காலத்திலேயே, 1954 இன் தொடக்கத்தையொட்டி 30 குதிரைச் சக்தி எஞ்சின் வந்தபோது, உயர்தரப் பதிப்பில் எஞ்சின் கிளப்பும் பொத்தான் மறைந்து, சாவியே அவ்வேலையையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே புதிய பலகையில் பழைய பொத்தானைக் கண்டால், அந்த வண்டி 1952 இறுதிக்கும் 1953 இறுதிக்கும் இடைப்பட்டது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

இரண்டாவது பெரிய மாற்றம் 1957 ஆகஸ்டில் வந்தது. முன்னும் பின்னும் கண்ணாடிகள் பெரிதாயின. காலடியில் சிறு உருளையாக இருந்த ஆக்ஸிலரேட்டர் தட்டையான மிதியாயிற்று. டேஷ்போர்டும் புது வார்ப்பில், நீளவாட்டில் நிமிர்ந்த அழகோடு எழுந்தது. முன் கண்ணாடி வளையாமல் தட்டையாகவே இருந்த வண்டிகளில் இந்த வார்ப்பின் அடிப்படை அமைப்பு, சில்லறை மாறுதல்களோடு, இருபது ஆண்டுக்குமேல் நிலைத்தது. ஆகையால் 1957 க்குப் பிற்பட்ட வண்டிகளை அடையாளம் காணுவதற்குப் பலகையின் உருவத்தைவிட, அதில் பொருத்திய சிறு பொருள்களையே ஆராய வேண்டியிருக்கிறது.

அவற்றுள் முதன்மையானது, ஒரு கருவி இல்லாமையே. 1961 ஆகஸ்ட் வரையில் இவ்வண்டிக்குப் பெட்ரோல் முள் கிடையாது. நாற்பது லிட்டர் கொள்ளும் தொட்டி. அதில் எவ்வளவு மிச்சம் என்று உள்ளிருந்து காண வழியே இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேலாக, ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமும், ஒரு முறை குலுங்கும், பிடி தளரும். ஓட்டுகிறவன் பதறாமல் குனிந்து, கையாலோ பழகியவனானால் காலாலோ, அந்த நெம்புகோலைத் திருப்புவான். தொட்டியின் அடியில் தேங்கியிருந்த ஐந்து லிட்டர் இறங்கி வரும். ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் அது கொண்டுபோய்ச் சேர்க்கும். நம் ஊரில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிய எவருக்கும் இது விளங்கும்; 'வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டது' என்று பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போகாதவர் யார்? பெட்ரோல் நிரப்பியதும் நெம்புகோலைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவனுக்கு, அடுத்த முறை இருமல் வரும்போது காக்க ஏதும் மிஞ்சியிராது. சிலர் தொட்டிக்குள் இறக்கிப் பார்க்க அளவு குறித்த குச்சியொன்றை வண்டியிலேயே வைத்திருந்தார்கள். 1961 ஆகஸ்டில் உயர்தரப் பதிப்புக்கு முள் வந்த பிறகும், மலிவுப் பதிப்பு மேலும் சில ஆண்டுகள் அந்த நெம்புகோலையே நம்பி ஓடியது. ஆகையால் முள் இல்லை என்பதனாலேயே வண்டி 1961 க்கு முற்பட்டது என்று முடிவு கட்டுவது பிழை; அது எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வந்த முள் தனிக் கருவியாக ஸ்பீடோமீட்டரின் பக்கத்தில் இருந்தது. 1967 ஆகஸ்டில், 1968 ஆம் ஆண்டு மாதிரியோடு, அது ஸ்பீடோமீட்டரின் முகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. தனி முள்ளும் ஸ்பீடோமீட்டரும் பக்கம் பக்கமாக இருப்பதைக் கண்டால் 1962 முதல் 1967 வரையிலான மாதிரி என்று கொள்ளலாம். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில், மோதினால் உடலைக் குத்தாதிருக்கும்பொருட்டு, கெட்டியான குமிழ்கள் 1967 மாதிரியில் மென்மையான கறுப்புக் குமிழ்களாயின. 1971 ஆகஸ்டில் ஸ்டியரிங் நான்கு ஆரங்களைப் பெற்றது. வைப்பரின் குமிழ் பலகையை விட்டு ஸ்டியரிங் தண்டுக்கு நகர்ந்தது. 1972 ஆகஸ்டில் வெளிவந்த 1303 என்னும் பதிப்பில் முன் கண்ணாடி வளைந்து, எஃகுப் பலகைக்குப் பதிலாக, மெத்தைபோல் பொதிந்த கறுப்பு பிளாஸ்டிக் டேஷ்போர்டு வந்தது. கருவிக்கு மேல் தொப்பியைப் போல் ஒரு கூரை. உயிரைக் காப்பதில் அது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் வெளியுடலின் வண்ணத்தையே உள்ளும் பூசிக்கொண்டு, வண்டி முழுவதும் ஒரே தகட்டிலிருந்து பிறந்தது என்று காட்டிய பழைய பலகையின் நேர்மை அதில் இல்லை.

நம் தருக்க நூலார் பிரமாணங்களைப் பகுத்தது இங்கே உதவும். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆண்டு சப்தப் பிரமாணம். எழுதியவன் நம்பத்தக்கவனானால் மட்டும் அது செல்லும். மேலும் 1955 முதல் ஆகஸ்டிலேயே அடுத்த ஆண்டின் மாதிரி தொடங்கிவிடும் ஆதலால், 1957 செப்டம்பரில் செய்த வண்டி 1958 மாதிரியாகிறது. விற்பனையாகாமல் சில மாதம் நின்றிருந்தால் பதிவில் வேறு ஆண்டும் ஏறியிருக்கும். ஸ்டியரிங், குமிழ், ஸ்பீடோமீட்டர் இவையெல்லாம் திருகாணியைக் கழற்றினால் மாறிவிடுபவை. ஐம்பது ஆண்டுகளில் எத்தனை கை மாறினவோ, அத்தனை முறை இவையும் மாறியிருக்கலாம். இவற்றைக் கொண்டு செய்வது அனுமானமே. உடலோடு பற்றவைத்த எஃகுப் பலகையின் வார்ப்போ எளிதில் மாற்ற இயலாதது, அதுவே பிரத்தியட்சம். பலகையின் வார்ப்பு முதலில் காலத்தின் எல்லையை வகுக்க, பொருத்திய உறுப்புகள் அந்த எல்லையைக் குறுக்க, பின்னாசனத்துக்கு அடியில் நடுத்தண்டில் பொறித்த சேஸிஸ் எண் முடிவு சொல்ல வேண்டும். இந்த வரிசையை மாற்றிக்கொண்டவர்களே பெரும்பாலும் தவறுகிறார்கள்.

பழைய வண்டி ஒன்றின் ஸ்பீடோமீட்டரைக் கழற்றி ஒரு நாள் என் கையில் கொடுத்தார் ஒரு மெக்கானிக். முகத்துக் கண்ணாடி மங்கி, எண்கள் பழுப்பேறியிருந்தன. திருப்பி, பின்புறத்துத் தகரத்தின் தூசியை விரலால் துடைத்தபோது, வீ.டி.ஓ. என்னும் கருவி நிறுவனத்தின் முத்திரையும் அதை அடுத்து மாதமும் ஆண்டும் சிறு எண்களாகப் பொறிக்கப்பட்டிருப்பதும் தெரிந்தன. வண்டியின் சேஸிஸ் எண்ணுக்கு ஏழு ஆண்டு பிந்திய தேதி அது. வழியில் எங்கோ பழைய கருவி உயிர்விட, வேறொன்றை வைத்திருக்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் காட்டிய மொத்தக் கிலோமீட்டர் கணக்கும், ஆகவே, அந்த வண்டி ஓடிய தூரமன்று.

இவ்வண்டிகளைப் புதுப்பிக்க முனைவோருக்கு ஒரு விண்ணப்பம். புதுமாதிரி ரேடியோ பொருத்துவதற்காகப் பழைய எஃகுப் பலகையை அறுக்காதீர்கள். வேண்டுமானால் அதைப் பலகைக்குக் கீழே தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் முள் இல்லாமல் பிறந்த வண்டிக்கு முள் பொருத்துவதானாலும், அந்த ரிசர்வ் நெம்புகோலைப் பிடுங்கி எறியாமல் இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள்.