துரை பங்களாவின் பலகைத் தரை

1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்தபோது, நுவரெலியா, ஹற்றன் மலைகளில் தோட்டத் துரைமாரின் பங்களாக்கள் பெருகின. குளிருக்கு இதமென்று பல அறைகளில் பலகைத் தரை போடப்பட்டது.

புதுத் தரையின் எதிரி ஈரம். பலகை காற்றின் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தென்மேற்குப் பருவமழையில் ஈரம் வற்றாத பலகையை இறுக்கி ஆணியடித்தால், மாசி வறட்சியிலும் கணப்பு வெக்கையிலும் பொருத்துகள் வாய் பிளக்கும். நன்றாகக் காய்ந்த பலகையைச் சுவரோரம் இடைவெளியின்றி நெருக்கினாலோ, அடுத்த மழையில் தரை நடுவே எழும்பிவிடும். பலகைகளுக்கிடையே குச்சி வைத்து அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிட்டு, தரைக்கடியில் காற்றோட்டம் விடுவதே சரியான முறை.

அதே மலைச்சரிவில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தது சாணி மெழுகிய மண்தரை. அந்த ஈரத்தில்தான் பிள்ளைகள் சாக்கு விரித்துப் படுத்தார்கள். அங்கே சீமெந்து வந்தது வெகு பிந்தியே.